கண்ணு... கொஞ்சம் வெளியே போய் விளையாடு!

கொங்குச் சீமையில் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'வா கண்ணு', 'சாப்டியா கண்ணு', 'அழுவாத கண்ணு'... டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத குழந்தையும் இங்கே 'கண்ணு'தான். அந்தக் கண்ணுகளின் முகத்தில் இப்போது சீக்கிரமே கண்ணாடி ஏறிவிடுகிறது. கோவையில் ஏதாவது ஒரு பள்ளி வாசலில் மாலை நாலு மணிக்கு நின்று பாருங்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளே மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு வருவார்கள்.

டாக்டர் கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்ததும் பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "ஏனுங்க டாக்டர், ஏதாச்சும் எக்சர்சைஸ் செஞ்சு இதைச் சரி பண்ணிட முடியாதுங்களா?" கேட்பதில் தப்பில்லை. செல்போனைத் திறந்தால் 'பத்தே நாளில் கண்ணாடியைத் தூக்கி எறியுங்கள்' என்று ஆயிரம் வீடியோக்கள் வருகின்றன. கண்ணை மேலே, கீழே, இடம், வலம் சுழற்றச் சொல்கிறார்கள். உள்ளங்கையைத் தேய்த்துக் கண்மேல் வைக்கச் சொல்கிறார்கள். காசு செலவில்லாத வைத்தியம் என்பதால் நம்பவும் தோன்றும்.

பிள்ளைகளின் கண்ணைக் காக்கக் காசு செலவில்லாத வழி ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஆனால் அது இந்த வீடியோக்களில் காட்டுவது இல்லை.

கண் ஏன் நீள்கிறது?

பிறந்த குழந்தையின் கண் முன்னிருந்து பின்வரை சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். வளர்ந்து பெரியவரானதும் அது சுமார் 24 மில்லிமீட்டர் ஆகும். பிள்ளையின் உயரம் கூடுவதுபோல இதுவும் இயல்பான வளர்ச்சி. சில பிள்ளைகளுக்கு இந்த வளர்ச்சி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய்விடுகிறது. கண் அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்குச் சற்று முன்னாலேயே விழுந்துவிடும். கரும்பலகை மங்கலாகத் தெரியும், கையில் இருக்கும் புத்தகம் தெளிவாகத் தெரியும். இதுதான் கிட்டப்பார்வை. கண் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டாலும் மைனஸ் இரண்டரை, மூன்று என்று பவர் வந்துவிடும்.

கண்ணைச் சுழற்றும்போது வேலை செய்பவை கண்ணின் வெளிப்புறம் ஒட்டியிருக்கும் ஆறு தசைகள். அவற்றை எவ்வளவு பழக்கினாலும் நீண்டுவிட்ட கண் திரும்பச் சுருங்காது. காலையும் மாலையும் யோகா செய்தாலும் ஆறடி ஆள் ஐந்தரை அடி ஆக மாட்டார் அல்லவா, அதே கதைதான்.

இந்தப் பயிற்சிகளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அமெரிக்கக் கண் டாக்டர் வில்லியம் பேட்ஸ் 1920-ல் எழுதிய புத்தகத்திலிருந்துதான் இவற்றில் பல கிளம்பின. வெளிப்புறத் தசைகள் இறுகித் தளர்வதால்தான் பார்வை கூடுகிறது, குறைகிறது என்று அவர் நம்பினார். கிட்டேயும் தூரத்திலும் பார்வையைக் குவிப்பது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் வேலை என்பது மருத்துவ உலகத்துக்கு அப்போதே தெரியும். ஆனாலும் பேட்ஸின் பேச்சு கடல் தாண்டி நம் ஊர் வரை வந்து, இன்று யூடியூபில் உட்கார்ந்திருக்கிறது.

சீனா இன்னும் ஒரு படி மேலே போனது. 1963-லிருந்து பள்ளிகளில் தினமும் பிள்ளைகளை உட்கார வைத்து, பாட்டுப் போட்டு, கண்ணைச் சுற்றி அழுத்திவிடும் பயிற்சி கொடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் கோடிக்கணக்கான பிள்ளைகள் இதைச் செய்தார்கள். அப்படியும் உலகிலேயே கிட்டப்பார்வை மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்றாகத்தான் சீனா இருக்கிறது.

வெயில் செய்யும் வேலை

அதே சீனாவில் குவாங்சோ நகரத்தில் 2010-ல் ஒரு சோதனை தொடங்கினார்கள். 12 பள்ளிகளை எடுத்துக்கொண்டு, ஆறு பள்ளிகளில் மட்டும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விளையாட விட்டார்கள். மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவிகிதப் பிள்ளைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியே விளையாடிய பிள்ளைகளில் அது 30.4 சதவிகிதம். நாற்பது நிமிட விளையாட்டுக்கு இந்த லாபம்!

இதற்கு முன்பே, 2008-ல், சிட்னியிலும் சிங்கப்பூரிலும் வாழும் சீன வம்சாவளிக் குழந்தைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லாரும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளில் 29 சதவிகிதத்துக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 சதவிகிதத்தைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இத்தனைக்கும் சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகப் புத்தகம் படித்தார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றில்தான் இருந்தது. சிட்னிப் பிள்ளைகள் வாரத்துக்குப் பதினாலு மணி நேரத்துக்குக் கிட்டத்தட்ட வெளியே இருந்தார்கள், சிங்கப்பூர்ப் பிள்ளைகள் மூன்று மணி நேரம்தான்.

தைவான் அரசு இதைப் பார்த்து 2010-ல் தொடக்கப் பள்ளிகளை ஊக்கப்படுத்தத் தொடங்கியது: தினமும் 120 நிமிடம் பிள்ளைகள் வெளியே இருக்கட்டும். பல வருடமாக ஏறிக்கொண்டே போன எண்ணிக்கை அங்கே திரும்பியது. பார்வைக் குறைவு உள்ள தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் 2011-ல் சரிபாதியாக இருந்தார்கள். 2015-ல் அது 46 சதவிகிதமாக இறங்கியது. டெல்லிப் பள்ளிகளில் 2015-ல் வெளியான ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. அங்கே 13 சதவிகிதப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருந்தது. வெளியே விளையாடும் பிள்ளைகளிடம் குறைவாகவும், படிப்பு, டிவி, வீடியோ கேம் என்று அடைந்து கிடக்கும் பிள்ளைகளிடம் அதிகமாகவும் இருந்தது.

வெளிச்சம் எப்படி இதைச் செய்கிறது? பகல் வெளிச்சம் பட்டதும் விழித்திரையில் டோபமைன் என்ற ரசாயனம் சுரக்கிறது, அது கண்ணின் நீள வளர்ச்சியைக் கட்டுக்குள் வைக்கிறது என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளர்களின் கருத்து. வகுப்பறையில் எல்லா டியூப்லைட்டையும் போட்டாலும் கிடைக்கும் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெட்டவெளியில் அது பத்தாயிரத்தை எளிதாகத் தாண்டும். வேப்பமர நிழலில் நின்றால்கூட வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். அதனால் பிள்ளையை உச்சி வெயிலில் காய வைக்க வேண்டியதில்லை. தொப்பி போட்டுக்கொள்ளலாம், நிழலில் பம்பரம் விடலாம், கில்லி ஆடலாம் (கில்லி பறந்து வரும் திசையில் யாரும் நிற்காமல்). சூரியனை நேராகப் பார்க்க மட்டும் விடக் கூடாது. 'சூரியனைப் பார்த்தால் கண்ணுக்கு நல்லது' என்று சொல்லும் வீடியோக்களை அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள். விழித்திரை ஒருமுறை வெந்துவிட்டால் திரும்ப வராது.

அந்த இரண்டு மணி நேரத்துக்கு எங்கே போவது?

இங்கேதான் கோவைக்காரர்களுக்குச் சிக்கல். சரவணம்பட்டியிலோ வடவள்ளியிலோ இருக்கும் ஒரு பிள்ளையின் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும். நாலரைக்கு வீடு. ஐந்தரைக்கு டியூஷன். அது முடிந்தால் அபாகஸ் அல்லது இந்தி கிளாஸ். எட்டு மணிக்குச் சாப்பிட்டுக்கொண்டே செல்போன். சூரியனும் அந்தப் பிள்ளையும் சந்திக்கும் நேரம் வேனுக்குக் காத்திருக்கும் பத்து நிமிடம்தான்.

பள்ளியில் பி.டி. பீரியட் இருக்கிறதே என்பார்கள். டைம் டேபிளில் இருக்கும். பரீட்சை நெருங்கினால் அந்த பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் விடுதிப் பள்ளிகள் மார்க்குக்குப் பேர் போனவை. அதிகாலையில் தொடங்கி இரவு வரை ஸ்டடி ஹவர் உண்டு என்று பெருமையாகச் சொல்லும் இடங்களும் உண்டு. அங்கே சேர்க்கப் போகும் பெற்றோர் ரிசல்ட்டை விசாரிப்பதோடு இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: கிரவுண்டு எத்தனை ஏக்கர் என்பது முக்கியமில்லை, பிள்ளைகளைத் தினமும் எத்தனை மணிக்கு அங்கே விடுகிறார்கள்? பெற்றோர்-ஆசிரியர் கூட்டத்தில் 'பி.டி. பீரியடை யாரும் எடுத்துக்காதீங்க' என்று நாலு பெற்றோர் சேர்ந்து சொன்னால் நிர்வாகம் கேட்கத்தான் செய்யும். மார்க் குறைந்ததைப் பற்றிப் பேச வரிசையில் நிற்கிறோம், இதற்கும் ஒருமுறை நிற்கலாம்.

வீட்டுப் பக்கம் செய்யக்கூடியது, டியூஷன் நேரத்தை நகர்த்துவது. வெளிச்சம் இருக்கும் நாலரை முதல் ஆறு மணிவரை விளையாட்டு, விளக்கு வைத்த பிறகு படிப்பு. இந்த ஒரு மாற்றத்திலேயே ஒன்றரை மணி நேரம் கிடைத்துவிடும். மிச்சத்தைப் பள்ளி இடைவேளையில் வெளியே போய்ச் சாப்பிடுவதும் நடந்து போவதும் ஈடு கட்டும். சித்திரை வெயிலில் மாலை ஐந்துக்கு மேல் விடலாம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் நாட்களில் கோவைப் பிள்ளைகளுக்கு வெளியே நிற்க வேறு காரணமே வேண்டாம். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு மொட்டை மாடி இருக்கிறது. ரேஸ்கோர்ஸ், வாலாங்குளம், உக்கடம் பெரியகுளம் கரை எல்லாம் பெரியவர்கள் வாக்கிங் போவதற்கு மட்டும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஊரில் தோட்டம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். சனி, ஞாயிறு பிள்ளைகளைத் தோட்டத்துச் சாளைக்கு அனுப்பிவிடுங்கள். அப்பாரு தண்ணீர் கட்டும்போது பின்னாலேயே வரப்பில் நடக்கட்டும், ஆட்டுக்குட்டியைத் துரத்தட்டும். போனை மட்டும் நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். சாளைத் திண்ணையில் உட்கார்ந்து ரீல்ஸ் பார்ப்பதற்கு பொள்ளாச்சி வரை போக வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிட்டப்பார்வை வராமல் தடுப்பதிலும், வருவதைத் தள்ளிப்போடுவதிலும்தான் வெயிலுக்குப் பலம் அதிகம். ஏற்கெனவே மைனஸ் இரண்டு போட்ட பிள்ளையை வெளியே விட்டால் பவர் இறங்கிவிடாது. அதனால்தான் இந்தப் பழக்கத்தை எல்.கே.ஜி. வயதிலேயே தொடங்க வேண்டியிருக்கிறது.

கிட்டே வைத்துப் பார்க்கும் பழக்கம்

செல்போன் ஒளி கண்ணைக் கெடுக்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று தனியாகக் காசு வாங்குபவர்களும் உண்டு. பிரச்னை நிறத்தில் இல்லை, தூரத்தில் இருக்கிறது. டிவியைப் பிள்ளை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்க்கும். போனை அரை அடியில் வைத்துக்கொள்ளும். படுத்துக்கொண்டு பார்த்தால் அதுவும் இருக்காது. கார்ட்டூன் பார்த்தே ஆக வேண்டும் என்றால் டிவியில் போட்டுவிடுங்கள். இரண்டு தீமையில் அது சின்னத் தீமை.

இரண்டு வயதுக்குக் கீழே போனே கூடாது, வெளியூரில் இருக்கும் அமுச்சியோடும் அப்புச்சியோடும் வீடியோ காலில் பேசுவது மட்டும் விலக்கு என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம். இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள். சோறு ஊட்டப் போனைக் கொடுக்கும் வீடுகளில் மூன்று வேளைச் சாப்பாட்டிலேயே இந்தக் கணக்கு தாண்டிவிடுகிறது. இதில் பிள்ளையைக் குறை சொல்லி லாபமில்லை.

புத்தகமானாலும் போனானாலும் முழங்கையை மடக்கி, கன்னத்தில் கை வைத்தால் முகத்துக்கும் மேஜைக்கும் எவ்வளவு இடைவெளி வருமோ அவ்வளவு தூரம் இருக்க வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது அடிக்கு அப்பால் உள்ள ஒன்றை இருபது விநாடி பார்க்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் சொல்வது கண்ணுக்கு ஓய்வு கொடுப்பதற்காக. கோவையில் இதற்கு வசதி அதிகம். மேற்கே ஜன்னல் இருந்தால் மருதமலையோ வெள்ளியங்கிரித் தொடரோ தெரியும், இல்லாவிட்டால் எதிர்வீட்டுத் தென்னை மரம் போதும். திரையை உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கண் காய்ந்து உறுத்துவதற்குக் காரணம் அதுதான். அந்த இருபது விநாடியில் நன்றாக மூடி மூடித் திறக்கச் சொல்லுங்கள். கணினி முன்னால் நாளெல்லாம் உட்காரும் அப்பா, அம்மாவுக்கும் இது சேர்த்துத்தான்.

ஆக, கண் பயிற்சி எல்லாமே வீண் இல்லை. களைப்பைப் போக்க உதவும். இன்னொரு இடத்தில் வைத்தியமாகவே பயன்படும். சில பிள்ளைகளுக்குப் பார்வை சரியாக இருக்கும், ஆனால் படிக்கும்போது இரண்டு கண்ணையும் ஒருசேர உள்பக்கம் திருப்புவதில் சிரமம் இருக்கும். வரி வரியாகப் படித்தால் எழுத்து இரண்டாகத் தெரியும், தலை வலிக்கும். 'படிக்கச் சொன்னாலே தலைவலி வந்துடும் இவனுக்கு' என்று வீட்டில் திட்டு வாங்குவார்கள். பரிசோதனையில் இது உறுதியானால் கிளினிக்கில் வாரா வாரம் கொடுக்கும் பயிற்சியில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2008-ல் வெளியான ஆய்வில், பன்னிரண்டு வாரத்தில் நாலில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது. வீட்டில் பென்சிலை மூக்குக்கு நேராகக் கொண்டுவரும் பயிற்சி மட்டும் செய்தவர்களில் அந்த அளவு பலன் இல்லை. எந்தப் பயிற்சி, எத்தனை நாள் என்பதை டாக்டர் எழுதித் தர வேண்டும்.

'கண்ணாடி போட்டா பவர் ஏறிடுமாமுங்க'

இந்தப் பேச்சால் கெட்ட கண்கள் ஏராளம். பவர் ஏறுவது பிள்ளை வளர்வதால், கண் நீள்வதால். கண்ணாடி போடாவிட்டாலும் ஏறும். மலேசியாவில் ஒரு சோதனை செய்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். சில பிள்ளைகளுக்கு முழு பவர் கண்ணாடி, சிலருக்கு வேண்டுமென்றே குறைத்த பவர். குறைத்துப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் வேகமாக ஏறியது. 'கொஞ்சம் கம்மியா எழுதிக் குடுங்க' என்று கண்ணாடிக் கடையில் கேட்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு பயமும் சேர்ந்துகொள்கிறது. 'நாளைக்கு மாப்பிள்ளை வீட்ல கேப்பாங்க' என்று ஏழு வயதுக் குழந்தைக்குக் கண்ணாடி வாங்காமல் இருப்பவர்கள் உண்டு. வாங்கினாலும் சீர், கல்யாணம், ஃபோட்டோ என்றால் கழற்றி வைக்கச் சொல்லும் ஆத்தாக்கள் உண்டு. அந்தப் பயத்துக்குக் கொடுக்கும் விலை என்ன தெரியுமா? சோம்பேறிக் கண் என்று பேச்சு வழக்கில் சொல்லும் ஒரு குறை. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்தாலோ, மாறுகண் இருந்தாலோ, மூளை தெளிவாகத் தெரியும் கண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும். பிள்ளைக்கு ஒரு கண்ணில் நன்றாகத் தெரிவதால் புகாரே சொல்லாது. ஏழு வயதுக்குள் கண்டுபிடித்து, கண்ணாடி போட்டு, நல்ல கண்ணை தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி வைத்தால் அந்தக் கண் விழித்துக்கொள்ளும். மிதமான குறைக்கு தினமும் இரண்டு மணி நேரமே போதும் என்று 2003-லேயே ஆய்வு சொல்லிவிட்டது. வயது கூடக் கூட வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். கல்யாண வயதில் லேசர் செய்து கண்ணாடியைக் கழற்றிவிடலாம். ஆனால் மூளை கைவிட்ட கண்ணை லேசரால் மீட்க முடியாது.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிச் சும்மா இருப்பதும் இதே வகைதான். பிறந்த சில மாதங்கள்வரை குழந்தையின் கண் அவ்வப்போது ஓடுவது இயல்பு. ஆறு மாதம் தாண்டியும் ஓடினால் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

பவர் வேகமாக ஏறும் பிள்ளைகளுக்கு இப்போது மிகக் குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும், ஏற்றத்தை மெதுவாக்கும் தனி வகைக் கண்ணாடிகளும் வந்துள்ளன. சிங்கப்பூர், ஹாங்காங் ஆய்வுகளில் அட்ரோபின் பலன் காட்டியது. டாக்டர் சொன்னால் தயங்க வேண்டாம், தானாக வாங்கி ஊற்றவும் வேண்டாம். மைனஸ் ஆறைத் தாண்டிய கண்ணுக்குப் பிற்காலத்தில் விழித்திரை விலகும் ஆபத்தும் கண் அழுத்த நோயும் அதிகம் என்பதால்தான் இவ்வளவு மெனக்கெடல்.

முருங்கையும் முட்டையும்

கேரட் சாப்பிட்டால் கண்ணாடி போகுமா? போகாது. ஆனால் வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், கண்ணின் வெள்ளைப் பகுதியில் நுரை போன்ற திட்டுகள் வரும், முற்றினால் கருவிழி கரைந்து பார்வையே போகும். நம் மாநிலத்தில் இது கதையில்லை. தமிழகக் கிராமங்களில் 15,000-க்கும் மேற்பட்ட சின்னக் குழந்தைகளை வைத்து மதுரை அரவிந்த் மருத்துவமனையினர் உள்ளிட்ட குழு செய்த ஆய்வு 1990-ல் வெளியானது. வாரம் ஒருமுறை சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்த குழந்தைகளில் இறப்பே பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கண்ணைக் காக்கும் சத்து உயிரையும் காக்கிறது. ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வயதுவரை மொத்தம் ஒன்பது தவணை வைட்டமின் ஏ திரவம் அரசு இலவசமாகக் கொடுக்கிறது. முதல் தவணைக்குப் பிறகு மறந்துவிடும் வீடுகள் அதிகம். தடுப்பூசி அட்டையை எடுத்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

உணவில் வெளியூர்ப் பொருள் எதுவும் தேவையில்லை. அரவக்குறிச்சிப் பக்கம் ஊருக்கே முருங்கை அனுப்புகிறோம், நம் வீட்டில் காயை வைத்துக்கொண்டு கீரையை விட்டுவிடுகிறோம். கண்ணுக்கு வேண்டிய சத்து கீரையில்தான் அதிகம். கொள்ளுப் பருப்புக்கோ ராகிக் களிக்கோ தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியல் செய்தால் தேங்காயும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் தாராளமாக இருக்கட்டும். இந்தச் சத்து கொழுப்போடு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய், முட்டை மஞ்சள் கரு எல்லாம் இதே வேலையைச் செய்யும். நாமக்கல் முட்டையில் மஞ்சளை ஒதுக்கிவிட்டு வெள்ளையை மட்டும் தின்னும் பிள்ளைகளைக் கவனியுங்கள்.

கண்ணுக்குள் ஊற்றும் விஷயத்தில் மட்டும் சமையலறைப் பக்கமே போக வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய், தேன், நந்தியாவட்டைப் பூச்சாறு எதுவும் வேண்டாம். கிருமி புகுந்தால் கருவிழியில் புண்ணாகும். அதைவிட ஆபத்து மருந்துக் கடையில் இருக்கிறது. கோடையில் பல பிள்ளைகளுக்கு அலர்ஜியில் கண் அரிக்கும், கசக்கிக்கொண்டே இருப்பார்கள். கடையில் கேட்டால் ஸ்டீராய்டு சொட்டு மருந்து ஒன்றைக் கொடுப்பார்கள், ஒரே நாளில் அரிப்பு நிற்கும். அதனால் ஒவ்வொரு முறையும் அதையே வாங்கி ஊற்றுவார்கள். மாதக்கணக்கில் ஊற்றினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, நரம்பு கெட்டு, பார்வை போகும். போன பார்வை திரும்பாது. பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கும் பழக்கத்தைக் கண் விஷயத்தில் அடியோடு நிறுத்த வேண்டும்.

எப்போது, எங்கே காட்டுவது?

வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம். சுவரில் மாட்டிய தினசரி காலண்டர் போதும். பத்தடி தள்ளிப் பிள்ளையை நிற்க வைத்து, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, தேதிக்குக் கீழே உள்ள எழுத்துகளைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த கண். ஒரு கண்ணில் படித்ததை மற்ற கண்ணில் படிக்க முடியவில்லை என்றால் மறுநாளே டாக்டரைப் பாருங்கள். காந்திபுரத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது தூரத்தில் வரும் பஸ் நம்பரை ஒற்றைக் கண்ணால் படிக்கச் சொல்லுவதும் நல்ல விளையாட்டு. டிவி பக்கத்தில் போய் நிற்பது, தலையைச் சாய்த்துப் பார்ப்பது, போர்டில் இருப்பதைப் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதுவது எல்லாம் பார்வைக் குறைவுக்கு அடையாளங்கள்.

ஃபிளாஷ் போட்டு எடுத்த ஃபோட்டோவில் குழந்தையின் ஒரு கண்ணில் மட்டும் கருவிழி நடுவே வெள்ளையாகத் தெரிந்தால் தள்ளிப்போடவே கூடாது. கண்புரையாக இருக்கலாம், கண்ணில் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். சீக்கிரம் பார்த்தால் உயிரையும், பல நேரம் கண்ணையும் காப்பாற்றிவிட முடியும்.

வசதிக்குக் கோவையில் குறைவில்லை. மதுரையில் 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினோரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1997-லிருந்து அவிநாசி ரோட்டில் இயங்குகிறது. சிவானந்தபுரத்தில் இருக்கும் சங்கரா கண் மருத்துவமனையின் டாக்டர் ஆர்.வி. ரமணி 2019-ல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்து, பிள்ளைகளின் கண்ணை முதல் கட்டமாகச் சோதிக்க வைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் மருத்துவக் குழு வந்து சோதிக்கிறது. அந்தக் குழு எழுதிக் கொடுக்கும் சீட்டு புத்தகப் பைக்குள்ளேயே கசங்கிப் போகாமல் பார்த்துக்கொள்வது நம் வேலை.

மூன்று வயதில் ஒருமுறை, பள்ளியில் சேர்க்கும் முன் ஒருமுறை, பிறகு வருடா வருடம் காட்டுவது நல்லது. அப்பா, அம்மா இருவருக்குமே கண்ணாடி என்றால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுதல், ஆகவே தவறவே விடக் கூடாது. முதல் பரிசோதனையில் கண்ணில் சொட்டு விட்டு பாப்பாவை விரியச் செய்து பார்ப்பார்கள். அன்று முழுக்க வெளிச்சம் கூசும், கிட்டே படிக்க முடியாது. பரீட்சைக்கு முந்தின நாள் போகாமல் லீவு நாளாகப் பார்த்துப் போங்கள். பழைய கண்ணாடி, பழைய சீட்டுகள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு எடுத்துப் போங்கள். ஆறு மாதத்தில் பவர் எவ்வளவு ஏறியது என்பது டாக்டருக்கு அதிலிருந்துதான் தெரியும்.